தனித்தனியாகவா, ஒரே பெட்டியாகவா?

பாட்டு செட் வாங்க வண்ணார்பேட்டைக் கடைக்குப் போனது நான். எது வேண்டும் என்று முடிவு செய்தது சவூதியில் இருக்கும் என் வீட்டுக்காரர். வீடியோ காலில் அவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீக்கர் முன்னாலும் போய் நின்றேன். போன் வழியாகக் கேட்டு எது நல்ல சத்தம் என்று சொல்லும் மனிதரை என்ன செய்ய? கடைக்கார அண்ணாச்சி சிரிப்பை அடக்கப் பெரும் பாடு பட்டார்.

எங்கள் ஊரான பேட்டையில் நாங்கள் வீடு கட்டியபோதே என் வீட்டுக்காரர் ஹாலில் ஒரு சுவரை இதற்கென்று ஒதுக்கிவிட்டார். "ஊருக்கு வந்து உக்காந்துட்டம்னா, அங்கன சாஞ்சுக்கிட்டுப் பாட்டுக் கேக்கணும்" என்பார். எனக்குப் பாட்டு ஒரு பொருட்டே இல்லை. அவர் ஊருக்கு வந்து உட்காருவதற்காகத்தான் நான் கடை ஏறினேன்.

அண்ணாச்சி இரண்டு வழி சொன்னார்.

"ரிசீவர்னா எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள இருக்கும்மா. ஸ்பீக்கரும் சேத்தே தாரோம், இன்னைக்கே பாடும். இல்லன்னா ஆம்ப்ளிபயர் தனி, பிளேயர் தனி, ஸ்பீக்கர் தனி. சத்தம் சுத்தமா இருக்கும். ஒண்ணொண்ணா பைய வாங்கிச் சேக்கலாம்."

"ரிசீவரே போதும்" என்றேன்.

போனில் இருந்த என் வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்கவே இல்லை. முகமெல்லாம் சந்தோஷம். "தனித்தனியாவே வாங்குவோம் புள்ள. இப்ப ஆம்ப்ளிபயர். அடுத்த லீவுக்கு பிளேயர். அதுக்கடுத்த லீவுக்கு, இன்ஷா அல்லாஹ், ஸ்பீக்கர்."

இன்னும் இரண்டு லீவு என்று மனசுக்குள் எண்ணினேன். அவர் எதையும் மறைத்ததாகத் தோன்றவில்லை. லீவில் வருவதைத் தவிர வேறு மாதிரி ஊருக்கு வரலாம் என்பதே அந்த மனிதருக்கு மறந்து போயிருந்தது.

"இந்தக் காண்ட்ராக்டோட வந்துருவேன்னு சொன்னீங்கள்லா?" கடை என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன். அண்ணாச்சி நல்ல மனிதர். ஒயர் எடுக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டார்.

போனில் அவர், "வந்து இங்கன என்ன வேலை பாக்க? நீயே சொல்லு" என்றார். சவூதியில் இருந்துகொண்டு பேட்டையை 'இங்கன' என்கிறார். மகள் காலேஜில் சேர்ந்திருக்கிறாள், மகன் பத்தாவது படிக்கிறான். அண்ணாச்சியைக் கூப்பிட்டு ஆம்ப்ளிபயருக்கே பில் போடச் சொன்னேன்.

ஆம்ப்ளிபயரை மட்டும் ஆட்டோவில் ஏற்றி வந்து அந்தச் சுவரோரம் வைத்தேன். சுவிட்சைப் போட்டால் நீல விளக்கு எரியும், சத்தம் வராது. மறுநாள் போனில் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"நல்லாருக்கு புள்ள, பாக்கவே ஜோரா இருக்கு" என்றார்.

பாடாத பெட்டியைப் பார்த்து அவர் அப்படிப் பூரித்ததைக் கண்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. போனைத் திருப்பவும் கை வரவில்லை, அவர் பார்த்துவிட்டார்.

"அழாத புள்ள" என்றார். "வேணும்னா மாத்திருவோம். நீ சொன்ன ரிசீவரையே வாங்கிக்க."