தோற்றவர் பக்கம் நீண்ட மைக்

அக்கா ஓடுவாள், தங்கை பேசுவாள். அந்த வீட்டில் இதுதான் ஏற்பாடு. தங்கைக்கும் ஓட ஆசைதான், கால் ஒத்துழைக்கவில்லை. வாய்க்கோ பூட்டே கிடையாது. அக்காவின் பந்தயங்களை, தையல் மெஷினில் குனிந்திருக்கும் அம்மாவுக்கு மூச்சுவிடாமல் சொல்வாள். கேட்கக் கேட்க அம்மாவின் மிதி தானாக வேகம் பிடிக்கும்.

தேசிய அணிக்கான தேர்வு ஓட்டத்தில், கடைசி வளைவில் அக்கா விழுந்தாள். எழுந்து, நொண்டி, எல்லாருக்கும் பின்னால் வந்து கோட்டருகே உட்கார்ந்தாள். ஜெயித்தவளை டிவிக்காரர்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா, கேமராவுல விழறே" என்றார் ஒருவர்.

வீட்டில் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். "விடும்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார் அப்பா. அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். தங்கை மட்டும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கேட்டாள்: "வளைவுல ஏன் உள்பக்கமா போனே? வெளியில இடம் இருந்துச்சே."

அக்கா நிமிர்ந்தாள். "இருந்துச்சுடி. ஆனா சுத்திப் போனா தூரம் கூடுமே..." என்று ஆரம்பித்தவள், டம்ளர்களை மேஜையில் நகர்த்தி நகர்த்தி முழு ஓட்டத்தையும் விளக்கினாள். பேச்சுவாக்கில் தட்டும் காலியானது. தனக்கு என்ன வேலை வேண்டும் என்பது தங்கைக்கு அன்றே தெரிந்துவிட்டது.

படிப்பு முடிந்து ஒரு டிவி சேனலில் அவளுக்கு முதலில் கிடைத்தது, திரையின் அடியில் ஓடும் ஸ்கோரைத் தட்டச்சு செய்யும் வேலை. நச்சரித்து நச்சரித்து மைதானத்துக்குப் போனாள். போனவள் தோற்றவர்களின் பேட்டியாகவே கொண்டுவந்து கொட்டினாள். விளையாட்டுச் செய்தி ஆசிரியர் தலையில் கைவைத்தார்.

"தோத்தவங்களை யாரும்மா பாப்பாங்க?"

"ஜெயிக்கிறது ஒருத்தர்தான் சார். மிச்ச எல்லாரும் நம்ம கட்சி. டிவி பாக்கறதும் அவங்கதானே?"

"வாய் மட்டும் இல்லேன்னா! சரி, முப்பது செகண்ட். அதுக்கு மேல கேக்காதே."

பெண்கள் கால்பந்து இறுதிப்போட்டி பெனால்டியில் முடிந்தது. கடைசிப் பந்தை விட்ட கோல்கீப்பர் வலையோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கை புல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கேமராக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியும் அவசரப்படவில்லை. அந்தப் பெண்ணின் அழுகை அடங்கிய பிறகுதான் மைக்கை எடுத்தாள்.

"வலது பக்கம் பாயணும்னு எதை வெச்சு முடிவு பண்ணினே?"

"பந்தை அடிச்சவளோட இடுப்பை வெச்சுதான்க்கா. அது திரும்புற பக்கம்தான் எப்பவும் அடிப்பா. எத்தனை மேட்ச் பாத்து வெச்சிருந்தேன்! இன்னிக்கு இடுப்பை ஒரு பக்கம் திருப்பிட்டு மறுபக்கம் அடிச்சுட்டா. கெட்டிக்காரி!" கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சிரித்துவிட்டாள்.

ஆசிரியர் ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை. மறுநாள் இவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஜெயிச்ச டீம் கோச்சே அந்தப் பேட்டியைக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. வாராவாரம் அரை மணி நேரம் எடுத்துக்க. பேரு நீயே வை."

முதல் நிகழ்ச்சியன்று மாடி வீட்டுக்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று அம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். இப்போது ஓட்டப் பயிற்சியாளராக இருக்கும் அக்கா, தன் மாணவிகள் அத்தனை பேரையும் கூட்டிவந்து கூடத்தில் உட்கார வைத்திருந்தாள். "கேள்வி கேக்கறா பாருங்க, எங்க வீட்டுப் பொண்ணு!" என்றாள்.

அந்த நிகழ்ச்சி இன்றும் ஓடுகிறது. போன மாதம் நீச்சல் போட்டியில் நாலாவதாக வந்தவன், தலைகூடத் துவட்டாமல் இவளைத் தேடி வந்துவிட்டான்.

"என்னக்கா, எல்லாரும் ஜெயிச்சவன் பின்னாடியே போயிட்டாங்க, நீங்களும் வரலைன்னா எப்படி? என்னோட கடைசித் திருப்பத்தைப் பத்தி ஒருத்தரும் கேக்கலையே!"

"கோவிச்சுக்காதேப்பா, வா" என்று சிரித்தபடி மைக்கை நீட்டினாள். "சுவத்துல கால் எங்க வெச்சே?"