மைக்கில் சொன்ன நன்றி

பீச்சாங்கை என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். சலூன் வைத்திருந்தார், இடது கையால்தான் கத்தி பிடிப்பார். பெற்றவர்கள் இல்லாத அவரை வளர்த்து ஆளாக்கியவர் அண்ணி.

தெருவை அகலமாக்கி மேம்பாலம் கட்ட வெளிநாட்டு வங்கி ஒன்று கடன் கொடுத்திருந்தது. கான்ட்ராக்டரின் ஆட்கள் வடிகாலுக்குத் தோண்டிய குழியைத் திறந்தபடியே விட்டுப் போனார்கள். மழையில் தெருவும் குழியும் ஒரே தண்ணீராகக் கிடந்த நேரத்தில், மாத்திரை வாங்கப் போன அண்ணி அந்தக் குழிக்குள் விழுந்துவிட்டார். தண்ணீரை இறைத்துத்தான் உடலை எடுத்தார்கள்.

"பார்த்து நடக்கத் தெரியாதா அந்தம்மாவுக்கு?" என்றார் கான்ட்ராக்டர். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது.

அண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். பீச்சாங்கைக்கு மனசு ஆறவில்லை. அந்த வங்கிக்கே ஒரு புகார்ப் பிரிவு உண்டு என்று முடிவெட்ட வந்த வக்கீல் சொல்ல, தன் மகளை எழுதச் சொல்லி அனுப்பினார். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே வராது என்று பதில் வந்தது.

சில மாதங்கள் கழித்து வங்கியின் விசாரணைக் குழு வந்தது. சமுதாயக் கூடத்தில் கூட்டம். முன்வரிசையில் கான்ட்ராக்டரும் கவுன்சிலரும், பின்னால் தெருக்காரர்கள். குழுத் தலைவி நல்ல மனுஷிதான். கண் கலங்க மேடையிலிருந்து இறங்கி, நேராகப் பீச்சாங்கையிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மொழிபெயர்ப்பாளர் அதை மைக்கிலேயே சொன்னார்: "தைரியமா எழுதிப் போட்டதுக்கு மேடம் உங்களுக்கு நன்றி சொல்றாங்க."

கூடமே திரும்பிப் பார்த்தது. கான்ட்ராக்டரும் எழுந்து வந்து, சிரித்தபடி கை கொடுத்தார்.

அந்த வாரமே நாலு பேர் சலூனுக்குள் நுழைந்து ஷட்டரை இறக்கினார்கள்.

"மேடம் குலுக்கின கை எது?"

பீச்சாங்கை வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வலதா? அது இருக்கட்டும். தொழில் பண்ற கையை நீட்டு."

கண்ணாடிக்குக் கீழே இருந்த கல் பலகையில் வைத்து மணிக்கட்டை நொறுக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அண்ணன் வந்தார். கட்டிலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"விட்டுடுடா. அவ திரும்பியா வரப்போறா?"

"எப்படிண்ணே விடறது?"

"எனக்குக் கான்ட்ராக்டர் சாமான் போட்டு வைக்கிற யார்டுல வாட்ச்மேன் வேலை கொடுத்திருக்காங்க. தங்க ரூமும் இருக்கு. புகார் ஒண்ணும் இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்." பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வயித்துக்கு நான் எங்கடா போவேன்?"

கணவரே திருப்தி என்று சொன்ன பிறகு விசாரிக்க ஒன்றுமில்லை என்று வங்கி முடித்துக்கொண்டது. அதைச் சொல்லக் குழுத் தலைவி போன் செய்தார். நடுவில் அதே மொழிபெயர்ப்பாளர்.

"என் கையை ஒடச்சிட்டாங்கன்னு சொல்லுங்க."

"ரொம்ப வருத்தப்படறாங்க. ஆனா இந்தப் புகார்ல அது வராதாம். தனியா எழுதணுமாம்."

"எல்லார் முன்னாடியும் என்னைக் காட்டிக் கொடுத்தது அவங்கதானே. அவங்க மேல கேஸ் போடலாமா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது.

"முடியாதுங்க. நம்ம கோர்ட்டால அவங்களக் கூப்பிடவே முடியாது. கடன் கொடுக்கும்போதே அரசாங்கம் அதுக்கு ஒத்துக்கிட்டிருக்காம்."

மணிக்கட்டு கோணலாகக் கூடியது. அந்தக் கையில் கத்தி நிற்கவில்லை. கடையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். பீச்சாங்கை அங்கேயே முடி கூட்டி, தண்ணீர் சுடவைத்துக் கொடுக்கும் ஆளானார்.

பாலம் திறப்பதற்கு முந்தைய நாள், யூனிஃபார்மில் அண்ணன் ஷேவிங் செய்ய வந்தார். தம்பியைக் கண்ணாடியில் பார்த்தார். உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

"தண்ணி ஆறிப்போயிருக்கே," என்றார், முதலாளியிடம்.

பீச்சாங்கை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சூடாக வேறு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.