இடது பக்க ஸ்பீக்கர்

என் அத்தை பத்தொன்பது வருடமாக டின் டப்பாவுக்கு மூடி அடிக்கிறாள். தகரத் தகட்டை உள்ளே தள்ளினால் பிரஸ் இறங்கும், டங் என்று ஒரு சத்தம், மூடி வந்து விழும். நாலு விநாடிக்கு ஒரு மூடி. ஒரு ஷிப்டுக்கு எத்தனை டங் என்று ஒருநாள் நான் எண்ண ஆரம்பித்தேன். "எண்ணாதடி, எனக்குக் காது வலிக்குது" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இவ்வளவு இரைச்சலில் கிடக்கிறவளுக்கு வீட்டில் அமைதிதான் வேண்டும் என்று நினைப்பீர்கள். அத்தைக்குப் பாட்டு வேண்டும். சமைக்கும்போது எவர்சில்வர் டம்ளருக்குள் போனைப் போட்டு, அந்தத் தகரக் குரலில்தான் இத்தனை வருடம் கேட்டாள். போன மாதம் திடீரென்று, "எனக்குன்னு ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கப் போறேன். நீதான் அதெல்லாம் விழுந்து விழுந்து படிக்கிறியே, கூட வா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அலமாரியில் வைக்கிற மாதிரி சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி, அடிநாதத்துக்கு ஒரு சப்வூஃபர், எல்லாம் அவள் கைக்கு அடங்கிய விலையில் என்று மூன்று நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். லிஃப்ட் மெக்கானிக்கான மாமா டேப்பை எடுத்து அலமாரியை அளந்தார். "பதினோரு இஞ்சுக்கு மேல போனா உள்ள நுழையாது. அப்புறம் என்னைத்தான் வெளிய வைக்கணும்" என்றார்.

"அதுவும் நல்லதுதான், இடம் கிடைக்கும்" என்றாள் அத்தை.

கடை இரண்டாம் மாடியில். விற்பனைக்காரருக்கு அத்தையின் செருப்பைப் பார்த்ததுமே ஒரு அலட்சியம். முதலில் எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பெரிய செட்டைப் போட்டார். சப்வூஃபர் தரையை உலுக்கியது.

"எப்படிம்மா, நெஞ்சுல அடிக்குதா?"

"நெஞ்சுல அடிக்குது தம்பி. பாட்டு எங்க?"

அடுத்து எங்கள் விலைக்கு உள்ள ஜோடியைப் போட்டார். சத்தம் சோனியாக வந்தது. "பாத்தீங்களா, வித்தியாசம் தெரியுதுல்ல?" என்றார். அத்தை ஸ்பீக்கரைப் பார்க்கவே இல்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரஸ்ஸில் நிற்கிறவர்கள் முதலில் கையைத்தான் பார்ப்பார்கள், கை போனால் போனதுதான்.

"சின்னதைப் போடும்போது மட்டும் கட்டைவிரல் எதுக்கு ரிமோட்டைக் குறைக்குது? ரெண்டையும் ஒரே சத்தத்துல வைங்க தம்பி. நாங்க பாட்டு கேக்க வந்திருக்கோம், மேஜிக் பாக்க இல்ல."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஒரே சத்தத்தில் வைத்ததும் அந்தச் சின்ன ஜோடி பிரமாதமாகப் பாடியது. சத்தியமாகச் சொல்கிறேன், பாடகி மூச்சு இழுப்பது கேட்டது. நான் அத்தையைப் பார்த்தேன். அவள் முகம் சுருங்கியிருந்தது.

"இடது பக்கத்துப் பெட்டியில மேல் ஸ்பீக்கர் செத்துப்போச்சு. ஜால்ரா வலது பக்கம் மட்டும்தான் வருது."

"ரெண்டும் வருதே அத்தை" என்றேன்.

மூடி கோணலாக விழுந்தால் அத்தை முதலில் அச்சை மாற்றிப் பார்ப்பாள். அச்சை மாற்றியும் கோணல் போகாவிட்டால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. அதே பழக்கத்தில், "ரெண்டு பெட்டியையும் இடம் மாத்துங்க" என்றாள். மாற்றினார். அப்போதும் இடது பக்கம்தான் செத்திருந்தது. வயரை மாற்றினார். அப்போதும் இடதுதான். அத்தை நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இவ்வளவு நேரம் நன்றாகக் கேட்ட பெட்டி இப்போது அவள் இடது காதுப் பக்கம் வந்திருந்தது. அதுவும் செத்துப்போனது.

விற்பனைக்காரர் சிரித்தார். "கோளாறு பெட்டியில இல்ல மேடம்..."

"வாயை மூடுங்க!" நான் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

அத்தை கத்தவில்லை. நேராகத் திரும்பி உட்கார்ந்தாள். "இந்த ஜோடிதான். மெல்லிசு சத்தம் தெளிவா இருக்கு, இருக்கிற ஒரு காதுக்காவது போகட்டும். சப்வூஃபர் சின்னது போதும். அடிச்சத்தம் எனக்கு ரெண்டு காதுலயும் ஒண்ணாத்தான் கேக்குது. பில் போடுங்க."

படியில் இறங்கும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வருஷா வருஷம் கம்பெனியில காது டெஸ்ட் எடுக்கிறாங்கன்னு சொன்னியே அத்தை?"

"எடுக்கிறாங்க. நான்தான் வருஷா வருஷம் பாஸ் ஆகிறேனே."

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னாள். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. டெஸ்டுக்கு ஒரு வேன் வரும். ஆறு பேரை ஒரே பெஞ்சில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டுவார்கள். ஆறு ஹெட்போனுக்கும் ஒரே மிஷின். கீ என்று மெல்லிய சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். ஃபெயிலானால் பிரஸ்ஸிலிருந்து எடுத்துவிடுவார்கள், பிரஸ்ஸில் நிற்பதற்கென்று சம்பளத்தோடு தருகிற படி போய்விடும். அதனால் பெண்களே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்குப் பாம்புக்காது, பட்டப்பெயரும் அதுதான். அவள் பெஞ்சின் ஓரத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உட்காருவாள். அவள் விரல் எழுந்தால் மற்ற ஐந்து விரலும் எழும். ஆறு பேரும் பாஸ். ஒருத்தியை ஒருத்தி காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, வருடா வருடம் கம்பெனியைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"டெஸ்ட் எடுக்கிறவனுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? ஆறு விரலும் டிரில் மாதிரி ஒண்ணா ஏறுது. அவனுக்கு நேரம் மிச்சம், கம்பெனிக்குக் காசு மிச்சம்." கைப்பிடிக் கம்பியை ஓங்கித் தட்டினாள். "எனக்கு இடது பக்கம்தான் பக்கத்து பிரஸ். காதுல வைக்கிற பஞ்சு மாசத்துக்கு ஒரு ஜோடி, நாலாம் நாளே கல்லாயிடும். கேட்டா, 'டெஸ்ட்ல எல்லாரும் பாஸ்தானே'ன்னு சூப்பர்வைசர் சொல்றான். நாங்க தூக்கின விரலை வச்சே எங்க வாயை அடைச்சிருக்கான்!"

அடுத்த வாரம் வேன் வந்தது. அங்கே நடந்ததை எனக்குச் சொன்னது பாம்புக்காது. வீட்டுக்கே வந்து, உட்காரக்கூடச் செய்யாமல் சொன்னாள். அத்தை எல்லோரிடமும் முன்பே சொல்லிவிட்டாளாம்: "நான் இந்தத் தடவை கண்ணை மூடிக்கப் போறேன். உங்க இஷ்டம் உங்களுக்கு." ஹெட்போன் மாட்டியதும் அத்தை கண்ணை மூடினாள். முதலில் இடது காதுக்குத்தான் சத்தம் வந்தது. பாம்புக்காதுக்கு விரல் தானாக எழப் பார்த்தது.

"என் விரலை நானே துப்பட்டாவுக்குள்ள முறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்டி. கேக்குது எனக்கு, நல்லாவே கேக்குது. ஆனா அதை மத்தவளுக்குக் காட்ட மாட்டேன்னு உக்காந்துட்டேன்."

ஒரு விரலும் எழவில்லை. டெஸ்ட் எடுக்கிறவன் சத்தத்தைக் கூட்டினான். அப்போதும் இல்லை. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"என்னம்மா, விளையாடுறீங்களா?"

"ஒவ்வொருத்தரா வைங்க சார். ஒவ்வொரு காதா வைங்க. கேட்டா தூக்குறோம்" என்றாள் அத்தை.

"உன்னை நாளைலேர்ந்து பேக்கிங்ல போட்டுடுவேன், தெரியும்ல? படி போயிடும்."

"போடுங்க. இடதை எடுத்துக்கிட்டீங்க, வலதைத் தர மாட்டேன். எனக்கு ரிசல்ட்டோட காப்பி வேணும்."

தனித்தனியாக வைத்தார்கள். வைக்காமல் முடியவில்லை, வேன் வாசலில் அடுத்த ஆறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாம்புக்காது மட்டும் பாஸ். ஐந்து பேர் ஃபெயில், ஐந்து பேருக்கும் பக்கத்து பிரஸ் இருக்கிற இடது காது.

அத்தை இப்போது பேக்கிங்கில் இருக்கிறாள். படி போய்விட்டது. மாமா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறார். ஸ்பீக்கர் அலமாரியில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. அத்தை குறைந்த சத்தத்தில், வலது காதைக் கொஞ்சம் முன்னே நீட்டிக் கேட்கிறாள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்து காப்பியையும் சேர்த்துத் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு போட்டிருக்கிறோம். டைப் அடித்தது நான். 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடித்திருந்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தாள்.

"தாழ்மை எதுக்குடி? எடு அதை."

எடுத்துவிட்டேன்.