வீட்டுக்காரருக்கு எந்த விகுதி?

எங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இஸ்திரி அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. காலையிலிருந்து ஆவி கக்கும் மெஷின் முன்னால் நின்று படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பாள். சாயங்காலம் கால் வீங்கிச் செருப்பு நுழையாது. அந்தக் காலோடு மாடி ஏறி ஜெர்மன் வகுப்புக்குப் போவாள். ஆசைப்பட்டா போனாள்? அவள் வீட்டுக்காரர் நாலு வருஷமாக ஜெர்மனியில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார். மொழித் தேர்வில் தேறினால்தான் மனைவிக்கு விசா.

‘வோனென்’ என்றால் வசிப்பது. நான் என்றால் வோனெ, நீ என்றால் வோன்ஸ்ட், அவன் என்றால் வோன்ட், அவர்கள் என்றால் மறுபடி வோனென். நம் வினைச்சொல்லுக்கும்தானே வால் மாறுகிறது, இதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கஷ்டம் வாலில் இல்லை, மரியாதையில் இருந்தது. புருஷனை அவன் என்று சொல்லி அக்காவுக்குப் பழக்கமில்லை. ஜெர்மனிலோ அவனும் அவரும் ஒன்றுதான். ‘என் கணவர்’ என்று தொடங்கினால் போதும், அவள் வாய் மரியாதைக்காகத் தானாக ‘வோனென்’ என்று பன்மையில் முடிக்கும். உங்களுக்கு எத்தனை வீட்டுக்காரர் என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்ததாம். முதல் தேர்விலும் இதே தப்பைச் செய்து, பதறி, மீதியையும் மறந்து கோட்டை விட்டாள்.

இரண்டாவது தேர்வு அன்று காலை வீட்டுக்காரர் போன் செய்தார். மெஷின் சத்தத்தில் கேட்காது என்று அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“இந்தத் தடவையும் போச்சுன்னா விட்டுடு. எனக்கு இங்க தனியா இருந்து பழகிடுச்சு.”

அக்கா சரிங்க என்றாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையிலிருந்த விரிப்பை மடித்து வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு தேர்வுக்குக் கிளம்பினாள்.

தேறிவிட்டாள். முடிவு வந்ததும் மெஷின் பக்கத்தில் வைத்தே என்னிடம் சொன்னாள்.

“வீட்டுக்காரர் எங்க இருக்கார்னு கேட்டாங்க. ‘ஏர் வோன்ட் அலைன்’னு சொன்னேன். தனியா இருக்கான்னு அர்த்தம். யோசிக்கவே இல்ல, தானா வந்துடுச்சு.”

குரலில் சந்தோஷமே இல்லை, அலுப்புதான் இருந்தது. அவரிடம் சொல்லியாச்சா என்று கேட்டேன்.

அக்கா அடுத்த விரிப்பை உதறி மெஷினில் வைத்தாள்.

“இனிமேதான் சொல்லணும், அவன்கிட்ட.”