தோற்பதற்காக வைத்த புல்

மழை வந்தால் ஊரே வெளியே ஓடிவந்து வானத்தைப் பார்த்து நிற்கும். கூரைக்காரர் மட்டும் ஓடிப்போய் மழையை மறைப்பார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

வருஷத்துக்கு எட்டோ பத்தோ நாள் மட்டும் மழை எட்டிப் பார்க்கிற அந்த வறண்ட பூமியில் தீவனப்புல் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று இருந்தது. தண்ணீர் இல்லாமல் எந்தப் புல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பது அங்கே வேலை. அதைப் பார்க்க வேண்டுமானால் புல்லின் மேல் மழை விழக் கூடாது. ஆகவே பாத்திகளின் இரு பக்கமும் இரும்புத் தண்டவாளம் போட்டு, சக்கரம் வைத்த பிளாஸ்டிக் கூரை ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். தூறல் போட்டால் அதைத் தள்ளிக்கொண்டு போய் மூட வேண்டும், வெயில் வந்தால் இழுத்துத் திறக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது.

“நீ மூடி மூடித்தான்யா அது கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு” என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொள்வார். ஆனால் மழை பொய்த்த வருஷங்களில் அந்தக் கடைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொள்வார். யாருக்குத் தெரியும், உண்மையாகவும் இருக்கலாம்.

அவர் மனைவிக்கு வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலமும், சிவப்பி என்ற ஒரு பசுவும் உண்டு. பெய்கிற நாலு மழையில் வரப்பை வெட்டி வயலுக்குள் தண்ணீரைத் திருப்புவது அந்த அம்மாள் தனியாகச் செய்கிற வேலை. “எல்லா வீட்டுலயும் மழைன்னா புருஷன் வீட்டுக்குள்ள இருப்பான். எனக்கு மழைன்னாதான் புருஷன் காணாமப் போவான்” என்று சொல்லிக்கொண்டே மண்வெட்டியைத் தூக்குவாள்.

இந்தக் கோடையில் அவளுக்குத் தூக்க மண்வெட்டி இருந்தது, திருப்பத் தண்ணீர் இல்லை. சிவப்பியின் விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம். வெள்ளிக்கிழமை காலை வந்து ஓட்டிக்கொண்டு போவதாகத் தரகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாடு போனால் வீட்டில் பால் போகும், எருப் போகும். அதற்கும் மேலே, விடியற்காலையில் அவள் பேசிக்கொண்டிருக்க ஒரு ஆள் இல்லாமல் போகும். அந்த ஆளாக இருக்கும் தகுதி தனக்கு இல்லை என்று கூரைக்காரருக்கே தெரியும்.

இந்த நிலைமைக்குக் காரணம் வேறு யாருமில்லை, அவர்தான். அவர்கள் வீட்டு வரப்பில் மட்டும் ஊர்ப்புல் ஒன்று தானாக மண்டிக் கிடந்தது, சிவப்பிக்கு அதுதான் தீனி. நல்ல வெயிலில் இலையைச் சுருட்டி ஊசிபோல நிற்கும், சாயங்காலம் விரித்துக்கொள்ளும். வேரோ, பிடுங்கப் போனால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் அளவுக்கு ஆழம். போன வருஷம் பண்ணையிலிருந்து புது ரகத் தீவனப்புல்லை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். முதலில் நட யாரும் முன்வரவில்லை. பண்ணையின் மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா? கூரைக்காரர் தன் வீட்டு வரப்பையே கொடுத்தார். நாலு நாள் மெனக்கெட்டு ஊர்ப்புல்லைத் தோண்டியெறிந்து புதுசை நட்டார்கள். புது ரகம் போட்டோ எடுக்கிறவரை செழிப்பாக இருந்தது. பிறகு படுத்தது, எழுந்திருக்கவே இல்லை.

பண்ணையின் பொறுப்பில் இருந்தவர் டாக்டரம்மா. புல்லுக்குத்தான் டாக்டர். அவர் வந்த புதிதில் ஊர்க்காரர்கள் காய்ச்சல் வந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மூன்று வருஷமாக அவர் கூரையின் கீழே பன்னிரண்டு புது ரகங்களை வைத்து, மாதம் ஒரு முறை அளந்து கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சோதித்து வந்தார். பதின்மூன்றாவதாக ஒரு பழைய ரகமும் உண்டு. புதுசு எவ்வளவு மேல் என்று காட்ட ஒரு பழசு பக்கத்தில் வேண்டும் அல்லவா? ஒப்பீட்டுக்கென்று, சொல்லப்போனால் தோற்பதற்கென்றே வைத்த புல் அது.

அது தோற்கவில்லை. முதல் வருஷம் முதலிடம். டாக்டரம்மா எடைத் தராசைப் பழுது பார்க்க அனுப்பினார். இரண்டாம் வருஷமும் முதலிடம். கூரைக்காரரைக் கூப்பிட்டார்.

“அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பழைய ரகத்துக்கு மட்டும் நீங்க தண்ணி ஊத்துறீங்களா?”

“சத்தியமா இல்லீங்கம்மா” என்றார் கூரைக்காரர். அது சத்தியம்தான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில் உள்ள சௌகரியம் அது.

கேட்காத விஷயம் இதுதான். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பழைய ரக விதையைத் தகர டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் சாக்கோடு தரையில் வைத்துவிட்டார். விதைப்புக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தால், எலிகள் உமியை மட்டும் மிச்சம் வைத்திருந்தன. அவர் தினக்கூலி ஆள், நாளை முதல் வராதே என்று சொல்ல ஒரு காகிதம்கூட வேண்டாம். நேராக வீட்டுக்குப் போனார், வரப்பிலிருந்து ஒரு துண்டு நிறைய விதையை உருவிக்கொண்டு வந்தார், விதைத்தார். அதுவும் அதே சாதிப் புல்தான், பார்க்க அப்படியே இருக்கும். தோற்கப் போகிற புல்லை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

ஆக, மூன்று வருஷமாக அவர் கூரை தள்ளிக் காத்தது மனைவியின் வரப்புப் புல்லை. வரப்பில் இருந்ததைப் பிடுங்கிப் போட்டதும் அதே கை.

மூன்றாம் வருஷமும் பழசே ஜெயித்தது. பன்னிரண்டு புதுசும் காய்ந்து சருகாகிவிட, பதின்மூன்றுக்கு இருந்த நாலு பாத்தி மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது. தலைமை அலுவலகம் சோதனையை மூடச் சொல்லிவிட்டது. வியாழக்கிழமை டிராக்டர் விட்டு உழுதுவிடுவதாக ஏற்பாடு.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. “பத்து நாளைக்குப் பச்சை இருந்தாப் போதுங்க. தரகரை வராதீங்கன்னு சொல்லிடுவேன். வேரோட தூரைக் கொண்டாந்துடுங்க, திரும்ப வரப்புல வச்சுடறேன். குடத்துல மொண்டாவது ஊத்திக்கிறேன்” என்றாள். பிறகு கொட்டகைப் பக்கம் போய்ச் சிவப்பியிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றார். “அம்மா, அந்தப் பதின்மூணாம் நம்பர் தூரை நான் எடுத்துக்கட்டுங்களா? மாட்டுக்கு.”

“தாராளமா எடுத்துக்கோங்கண்ணே. பழைய ரகம்தானே, எப்படியும் குப்பைக்குத்தான் போகுது.”

அவ்வளவு சுலபம். நாலு பாத்தியையும் தோண்டி, மூன்று சாக்கில் தூரும் மேலே இரண்டு கட்டுப் பச்சையுமாகச் சைக்கிளில் ஏற்றிக் கட்டினார். அப்படியே மிதித்துப் போயிருக்கலாம். சொல்லிக்கொண்டு போவதுதான் மரியாதை என்று ஆபீஸ் அறைக்குள் தலையை நீட்டினார். அதுதான் அவர் செய்த தப்பு.

டாக்டரம்மா மேஜைமேல் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று வருஷத்து நோட்டுகள் அடுக்கியிருந்தன.

“ஒண்ணுமில்ல, நீங்க கிளம்புங்கண்ணே. நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன். பழசு எப்படி ஜெயிக்கும்? எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் அதேதான் வருது. எனக்கு இந்த வேலையே தெரியலையோன்னு தோணுது.”

கூரைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. மகள் வயசுப் பெண். மென்று விழுங்கிப் பார்த்தார், முடியவில்லை. எலியில் ஆரம்பித்து வரப்பு வரை கொட்டிவிட்டார். “உங்க மேல தப்பே இல்லீங்கம்மா. அது அவங்க அனுப்புன ரகமே இல்ல. எங்க வீட்டுப் புல்லு.”

வேலை போயிற்று என்றுதான் நினைத்தார். டாக்டரம்மா எழுந்தார், கண்ணைத் துடைத்தார், ஜன்னல் வழியே சைக்கிளைப் பார்த்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது.

“அப்போ இது யாரும் பதிவு பண்ணாத ரகம்!”

“ஆமாங்க… புல்லுங்க.”

“வேற எங்க இருக்கு?”

“எங்கயும் இல்லீங்கம்மா. போன வருஷம் நம்ம திட்டத்துலதான் பிடுங்கிட்டோம்.”

“அண்ணே,” என்றார் டாக்டரம்மா மிகுந்த அன்போடு, “அந்தச் சாக்கை இறக்குங்க.”

குப்பையாக இருந்தவரை அது கூரைக்காரருடையது. உண்மையைச் சொன்னதும் ஆராய்ச்சிப் பொருளாகிவிட்டது. முறைப்படி வெளியிடுகிற வரைக்கும் ஒரு தூர்கூட வாசலைத் தாண்டக் கூடாதாம். அதற்கு ஆறேழு வருஷம் ஆகும் என்றார். மனைவி அப்போது விண்ணப்பம் கொடுத்தால் முன்னுரிமை உண்டு என்றும் சொன்னார். வெட்டிய பச்சையாவது கிடைக்குமா என்று கேட்டதற்கு, அதை உலர்த்திப் பொடித்துச் சத்துப் பார்க்க வேண்டும் என்றார். எதையும் அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சந்தோஷத்தில் இருந்தார். டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். தோண்டிய தூரையெல்லாம் கூரைக்காரரே சாயங்காலம் வரை திரும்ப நட்டார், அளந்து தண்ணீரும் விட்டார்.

வெறும் சைக்கிளோடு வந்தவரை மனைவி வாசலிலேயே பார்த்துவிட்டாள். முழுக்கக் கேட்டாள்.

“உங்களை யாராவது கேட்டாங்களா?”

“இல்ல.”

“கேட்காமயே சொன்னீங்க.”

“அந்தப் பொண்ணு அழுதுச்சு.”

மறுநாள் தரகர் வந்தபோது கயிற்றை அவளே அவிழ்த்துக் கொடுத்தாள். சிவப்பி தெருமுனையில் ஒரு தடவை நின்றது. தரகர் தட்டியதும் நடந்தது. கூரைக்காரர் அன்று வேலைக்கு லேட்டாகப் போனார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பண்ணையில் அவருக்கு இப்போது ஒரு மரியாதை வந்திருந்தது.

திங்கட்கிழமை டாக்டரம்மா கையில் ஒரு படிவத்தோடு பாத்திக்கே வந்தார். தலைமை அலுவலகத்துக்கு விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். மாடு விரும்பித் தின்கிறதா, எவ்வளவு தின்கிறது, பால் கூடுகிறதா என்று மூன்று மாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். புல் பண்ணையில் மாடு கிடையாது. மாடு வேறு இலாகா.

“இந்தப் புல்லைத் தின்னு பழகின மாடுதான் வேணுமாம். உங்க வீட்டுது ஒண்ணே ஒண்ணுதானே அப்படி இருக்கு? இங்க கொண்டுவந்து கட்டுங்கண்ணே. மூணு மாசமும் வயிறு முட்ட இதுதான் தீனி. பாலை நீங்களே எடுத்துக்கலாம்.”

கூரைக்காரர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

“மாட்டை வெள்ளிக்கிழமை ஓட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. வித்துட்டோம்.”

“அடடா! ஏண்ணே வித்தீங்க?”

அவர் பாத்தியைப் பார்த்தார். புதிதாக நட்ட தூர்களில் இரண்டு விரல் உயரத்துக்குத் தளிர் விட்டிருந்தது.

“புல்லு இல்லீங்கம்மா” என்றார்.