அப்பா கட்டிய அணையும் மாமா இறைத்த கிணறும்

எனக்குத் தெரிந்து எங்கள் வம்சத்தில் அரசாங்கத்தின் கவனத்தைக் கவர்ந்த முதல் மனிதர் என் அப்பாதான். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பிறந்தார்கள், மாரண்டஹள்ளிக்கு மேற்கே கல்லும் முள்ளுமாகக் கிடந்த காட்டில் கேழ்வரகு விதைத்தார்கள், மழையைத் திட்டினார்கள், மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அடங்கினார்கள். அரசாங்கத்துக்கு அவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. அப்பா மட்டும் ஓடையின் குறுக்கே ஓர் அணை கட்டினார்.

அணை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் நிலத்தின் நடுவே ஓர் ஓடை உண்டு. மழைக்காலத்தில் சில நாள் அதில் தண்ணீர் போகும். மற்ற நாளில் ஆடு போகும். அந்த ஓடையில், இரண்டு பக்கமும் மேடாக இருந்த ஓர் இடத்தைப் பார்த்து, மண் வேலைக்கு வந்த தெலுங்குக்காரர்களை வைத்து ஒரு கரை போட்டார். உள்பக்கம் கல் அடுக்கினார். கரை மேல் தென்னங்கன்று வேறு நட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் சொந்தமாக யோசித்துச் செய்த காரியம் இதுதான் என்பது அம்மாவின் கணிப்பு. ஐப்பசியில் நல்ல மழை. அணை நிரம்பியது. அப்பா காலையில் எழுந்ததும் ஜெபம் சொல்வதற்கு முன்னால் அணையைப் பார்த்துவிட்டு வருவார்.

அவருக்கு அது விளையாட்டு இல்லை. எங்கள் கிணறு மாசியிலேயே சேற்றைக் காட்டிவிடும். இன்னொரு வருடம் இப்படியே போனால் காட்டை விற்றுவிட்டு ஓசூரில் காவல்காரர் வேலைக்குப் போவதாக ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அணை நின்றால் நாங்கள் ஊரில். அணை போனால் ஓசூரில். இரண்டாம் வகுப்பில் இருந்த எனக்கே அது புரிந்திருந்தது.

ஓடை எங்கள் காட்டைத் தாண்டியதும் நேராக மாமாவின் காட்டுக்குள் போகும். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அப்பா அதை அணை என்றார், மாமா அதை அடைப்பு என்றார். தை மாதம் தலையாரி கொண்டுவந்து கொடுத்த நோட்டீசில் அது ஆக்கிரமிப்பு ஆகியிருந்தது. சர்க்கார் ஓடையில் அனுமதி இல்லாமல் குறுக்கே கட்டிய கரையை ஏன் அகற்றக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். மாமாதான் பாலக்கோடு தாலுக்கா ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்திருந்தார்.

மனுவில் தன்னை 'எதிரி' என்று எழுதியிருப்பதாக, ஊர் நிலக் கணக்குப் பார்க்கும் கர்ணம் சொல்லி அப்பா தெரிந்துகொண்டார். ஊரில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவார்கள்; தங்கச்சி புருஷனை எதிரி என்று ஸ்டாம்பு ஒட்டி எழுதிக் கொடுத்தது மாமாதான். அதோடு மாமா இன்னொன்றும் செய்தார். இந்த வழக்கு முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் இது கோர்ட்டு தீர்ப்பைவிடக் கனமானது.

ஞாயிற்றுக்கிழமை பூசைதான் வேடிக்கை. சாமியார் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொல்லும்போது எல்லோரும் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துக் கை கூப்புவார்கள். அப்பாவும் மாமாவும் வழக்கமாக உட்காரும் ஒரே வரிசையை யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. எனவே அப்பா வலப்பக்கம் திரும்பித் தூணுக்குச் சமாதானம் சொன்னார். மாமா இடப்பக்கம் திரும்பிச் சன்னலுக்குச் சொன்னார்.

ஆண்களின் சண்டை பெண்களைக் கட்டுப்படுத்தாது என்பதும் அந்த ஊர் வழக்கம். முன்வாசல் மூடியிருந்தாலும் கொல்லை வழியாக முருங்கைக்காய் வரும், புளி போகும். அத்தையும் அம்மாவும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று, தத்தம் வீட்டுக்காரர்களின் நிலவரத்தைப் பரிமாறிக்கொள்வார்கள்.

இப்படி இருக்கும்போது, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. மாமாவுக்கு அப்போதுதான் வினை பிடித்தது.

தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். அவர் யாருக்கு எழுதினாலும், எந்த வழக்குக்கு எழுதினாலும், கிணறு வற்றி, பயிர் கருகி, குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். மாமாவின் மனுவிலும் அவர் அப்படியே எழுதி, மாமாவும் பெருமையோடு கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் மனுவுக்கு ஏற்ற கிணறு மாமாவிடம் இல்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கிணறும் கீழே போய்க்கொண்டிருக்க, அந்த வருடம் அவர் கிணற்றில் மட்டும் படி முங்கத் தண்ணீர் நின்றது. போன கோடையில் வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தியதன் பலன் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து வற்றிய கிணற்றைக் காட்டு என்றால் என்ன செய்வது? மாமா யோசித்தார். அவர் யோசனை எப்போதும் நேர்வழியில் போகும். கிணற்றை வற்றவைத்துவிட்டால் போகிறது.

ஆயில் இன்ஜினைப் போட்டார். அது பொழுதுக்கும் டுக் டுக் என்று அடித்தது. தண்ணீர் இறங்கியது, இன்ஜினை நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பழைய இடத்துக்கே ஏறியிருந்தது. இரண்டாவது நாளும் அப்படியே. பார்வைக்கு முந்தின நாள், அப்பா வக்கீலைப் பார்க்கப் பாலக்கோட்டுக்குப் போயிருந்த நேரத்தில், அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"உங்கூட்டு இன்ஜின் சும்மாத்தான கெடக்குது? ஒரு நாளைக்குக் குடுத்தீங்கன்னா தேவலாம். உங்க அண்ணன் கெணத்தோட மல்லுக்கட்டறாரு."

"எதுக்காம்?"

"வத்த வெக்கிறதுக்கு."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "வண்டியக் கொண்டாரச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் குடை. கூடவே, நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கர்ணம். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், ஈஸ்டருக்குப் போடுவது.

"யார்கிட்ட உத்தரவு வாங்கிக் கட்டுனீங்க?"

"ஓடைக்கு ரெண்டு பக்கமும் என் பட்டாங்க சார்."

"ரெண்டு பக்கமும் உங்களுதுங்க. நடுவுல போறது சர்க்காருது." கர்ணம் விரித்துப் பிடித்த படத்தில் அவர் விரலை வைத்துக் காட்டினார். அப்பா அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு காலமும் தன் காட்டுக்கு நடுவில் அரசாங்கம் படுத்திருந்தது அவருக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் கரை மேல் ஏறி நடந்தார். குடையால் மண்ணைக் குத்திப் பார்த்தார்.

"கலிங்கு எங்க?"

"அதெதுக்குங்க சார்?"

"தண்ணி நெறஞ்சா மிச்சம் வழிஞ்சு போக வேண்டாமா?"

"நெறையாதுங்க சார்."

"நெறஞ்சா?"

"நம்மூர்ல நெறையாதுங்க."

இன்ஸ்பெக்டர் கரையின் விளிம்பு வரைக்கும் ஐப்பசித் தண்ணீர் ஏறி நின்ற தடத்தைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். அடுத்து இன்ஸ்பெக்டர் தென்னங்கன்றுகளைக் காட்டி, கரை மேல் மரம் வைக்கக் கூடாது, வேர் போகிற வழியில் தண்ணீரும் போகும், எலி வளையை வருடா வருடம் மழைக்கு முன்னால் அடைக்க வேண்டும், கரை உடைந்து கீழே யாருக்காவது சேதம் ஆனால் கட்டினவர்தான் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் அப்பா "சரிங்க சார்" என்றார். ஒவ்வொரு "சரிங்க"வுக்கும் குரல் ஒரு படி இறங்கியது.

"சரி, அந்த வத்துன கெணத்தப் பாக்கலாம்."

மாமாவின் காட்டுக்குள் இறங்கியபோது இன்ஸ்பெக்டரின் செருப்பு சேற்றில் புதைந்தது. இன்னொரு கால் வைத்தார், அதுவும் புதைந்தது. மூன்று நாளாக இறைத்த தண்ணீர் எங்கே போகும்? மாமாவின் தக்காளிக் காட்டில்தான் நின்றது. பூவெடுத்திருந்த செடியெல்லாம் கணுக்காலளவு தண்ணீரில் நின்று வதங்கிக்கொண்டிருந்தது. எதிரே கிணற்று மேட்டில், இரண்டு இன்ஜின்களுக்கு நடுவில், உடம்பெல்லாம் எண்ணெயும் சேறுமாக மாமா நின்றார்.

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அது நம்மூட்டு இன்ஜின் மாதிரி இருக்குதே."

"மாதிரியெல்லாம் இல்லீங்க" என்றாள் அம்மா.

இன்ஸ்பெக்டர் கிணற்றை எட்டிப் பார்த்தார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். பாதிக் கிணறு தண்ணீர். அதுவும் சும்மா நிற்கவில்லை. மேல்பக்கத்துப் பாறை இடுக்கிலிருந்து, கை கனத்துக்கு, தெளிவாக, ஊற்று கொட்டிக்கொண்டிருந்தது. மேல்பக்கம் என்றால் எங்கள் அணை இருக்கிற பக்கம். இன்றைக்கு இதற்குக் கசிவுநீர்க் குட்டை என்று பெயர் வைத்து, அரசாங்கமே முன்னால் நின்று கட்டிக் கொடுக்கிறது. அன்றைக்கு அங்கே நின்றவர்களுக்கு அப்படி ஒரு பெயர் தெரியாது. ஆனால் கண் இருந்தது.

கர்ணம் படத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். அம்மாதான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்ண்ணா, எங்கூட்டுத் தண்ணி ஒரு சொட்டுக் குடிக்க மாட்டேன்னீங்களே. ஐப்பசியிலிருந்து அதத்தான் குடிச்சிக்கிட்டிருக்கீங்க."

மாமா கிணற்றைப் பார்த்தார், ஊற்றைப் பார்த்தார், தக்காளியைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாததால் வானத்தைப் பார்த்தார்.

வழக்கு ஜெயித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், முகத்தில் லேசாக வெளிச்சம் வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் அதை அணைத்தார்.

"கெணறு நெறஞ்சிருக்குது, வத்தியிருக்குது, அதெல்லாம் வேற விஷயங்க. சர்க்கார் ஓடையில அனுமதியில்லாம கட்டுனது கட்டுனதுதான். சட்டப்படி ஒடைக்கணும். ஒண்ணு செய்யலாம். கீழ்க்காட்டுக்காரர் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, கலிங்கு வெச்சு, மரத்த எடுத்து, வருசா வருசம் பராமரிக்கிறதா நீங்களும் எழுதிக் குடுத்தா, தாசில்தாருக்கு நான் சிபாரிசு பண்ணுறேன். அவர் சம்மதிக்கலைன்னா என்னால ஒண்ணும் ஆகாது."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

மாமா இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்தார். அவ்வளவு எண்ணெயை அந்தத் துண்டு என்ன செய்யும்? ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார். பேசும்போது இன்ஸ்பெக்டரைப் பார்த்துத்தான் பேசினார்.

"சார், இந்த ஓடையில கரை போடறாங்கன்னு எனக்கு யாரு சொன்னாங்க தெரியுங்களா? மம்மட்டிதான் சொல்லுச்சு. என் காட்டுல நின்னுக்கிட்டிருக்கேன், மேல மண்ணு வெட்டற சத்தம் கேக்குது. யாராச்சும் வந்து சொல்லுவாங்கன்னு சாயந்தரம் வரைக்கும் நின்னேன். மறுநாளும் நின்னேன். கட்டி முடிச்சு, தண்ணியும் நெறஞ்சிருச்சு. ஒரு வார்த்த இல்ல. எந்தங்கச்சியக் கட்டுன மனுசன்."

வெயில் சுள்ளென்று அடித்தது. இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றிச் சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தார். அப்பா தலை குனிந்து நின்றார். பிறகு, தக்காளிக் காட்டில் இறங்கி, வெள்ளை வேட்டி சேறாவதைப் பார்க்காமல் நடந்து, மாமாவுக்கு எதிரே போய் நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மச்சான்."

"ம்."

"நம்ம ஓடையில ஒரு கரை போடலாம்னு இருக்கேனுங்க. போட்டுக்கட்டுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அணை அங்கேதான் இருந்தது. நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கரையும், தென்னங்கன்றும், அதில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியும். நான் அப்பாவிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் கை வந்து என் வாயை அழுத்தி மூடியது.

மாமா ஓடையை மேலும் கீழும் பார்த்தார். இனிமேல்தான் கட்டப்போகிற ஒன்றுக்கு இடம் பார்ப்பது போலவே பார்த்தார்.

"போட்டுக்குங்க மாப்ளெ. கல்லு வேணும்னா நம்ம கரட்டுல கெடக்குது. வண்டி அனுப்பறேன்." பிறகு குரலை இறக்கி, "கலிங்கு ஒண்ணு வெச்சுக்குங்க. தண்ணி வெகண்டையாப் பொங்கி வந்துச்சுன்னா கரையத் தூக்கிக்கிட்டுப் போயிரும்" என்றார்.

கர்ணம் அங்கேயே, இன்ஜின் தொட்டி மேல் காகிதத்தை வைத்து எழுதினார். மாமா கையெழுத்துப் போட்டதில் எண்ணெய்க் கை ரேகையும் சேர்ந்து விழுந்தது. எந்தத் தாசில்தாரும் சந்தேகப்பட முடியாத கையெழுத்து. மத்தியானம் எங்கள் வீட்டில் கோழி அடித்தார்கள். இன்ஸ்பெக்டர் சாப்பிட்டார், கர்ணம் சாப்பிட்டார். மாமா முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி அண்ணாந்து முழுவதும் குடித்தார். அப்பா, இலை போட்ட பிறகும் உட்காராமல், எல்லோருக்கும் குழம்பு ஊற்றிக்கொண்டே இருந்தார். அவ்வளவு லேசாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. ஓசூரைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. எல்லோரும் போன பிறகு, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் ரகசியமாகக் கேட்டேன்.

"ஏம்மா, அணை கட்டுனது அப்பாவுக்கு மறந்துபோச்சா?"

அம்மா சாம்பல் கையோடு நிமிர்ந்தாள். "ஆமா கண்ணு. மாமாவுக்கும் மறந்துபோச்சு."

இது எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு. வெண்டைக்காய் தின்றால் ஞாபகசக்தி வளரும் என்று எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார். அந்த மாதம் முழுக்க, குழம்பில் எனக்கு விழுந்த வெண்டைக்காயை எல்லாம் பொறுக்கி அப்பா தட்டில் தள்ளிவிட்டேன். எனக்கு வெண்டைக்காய் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவரும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.