அமாவாசை ஏற்றத்தில் பார்த்த சேற்று நிலம்

"20-2-1966, ஞாயிறு, அமாவாசை. பம்பாய், கோவண்டிக்கு அப்பால், உப்பங்கழியோரச் சேறு. நண்பகல், கடல் முழு ஏற்றம். பறவை எதுவும் இல்லை." அன்று நான் எழுதிவைத்த குறிப்பு இப்படித் தொடங்குகிறது. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அந்தச் சேற்று நிலத்தைத் தூர்த்துக் கிடங்குகள் கட்ட ஒரு கம்பெனி திட்டமிட்டிருந்தது. பறவை பார்க்கும் நாங்கள் சிலர் மனுக் கொடுத்தோம். அருகிவரும் பறவைகள் இரைதேடும் இடம் என்று நேரில் தெரிந்தால், கழியை ஒட்டிய பாதியை விட்டுவிடச் சிபாரிசு செய்வதாகவும், ஒரே ஒருமுறை வந்து பார்ப்பதாகவும் அதன் எஞ்சினியர் ஒப்புக்கொண்டார். முந்தைய குளிர்காலத்தில் அங்கே இரண்டு கருங்கழுத்து நாரைகள் இறங்கியதாக எங்களில் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த ஜோடியைக் காட்டிவிட்டால் போதும் என்று நம்பினேன்.

பம்பாயில் அமாவாசையன்று நண்பகலை ஒட்டித்தான் கடல் நிரம்பும். சேறு வெளியே தெரிவது விடியற்காலையிலும் அந்தியிலும். எஞ்சினியரும் என்னைப்போல மாதுங்காத் தமிழர். விடியற்காலையில் வரச் சொன்னேன்.

"அமாவாசையும் அதுவுமா தர்ப்பணம் பண்ணாம எப்படி சார் கிளம்பறது?"

"அப்படின்னா சாயங்காலம்?"

"டோம்பிவிலியில மச்சினி ஆத்துக்குப் போகணும். திங்கக்கிழமை கம்பெனியில ரிப்போர்ட் வேற கேக்கறா."

நெற்றியில் விபூதி காயாமல் பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார். கரைவரை பழுப்புத் தண்ணீர். இரை கிடைக்காத நேரத்தில் பறவைகள் வேறெங்கோ ஒதுங்கியிருந்தன. மனையைக் காவல் காத்தவர் எங்களோடு நடந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் குடியிருப்பு.

"இங்கன என்னத்தப் பாக்கப் போறீய சாப்? ரெண்டு காக்கா, மிச்சமெல்லாம் கொசுதான்."

எஞ்சினியர் சிரித்தார்.

"மூணு மணி நேரம் பொறுங்க, தண்ணி இறங்கிடும்" என்றேன்.

"தர்ப்பணம் ஆச்சு, சாப்பாடு ஆகலை சார். ஆத்துல இலையைப் போட்டுண்டு உக்காந்திருப்பா."

எஞ்சினியரின் ஜீப் போய்விட்டது. நான் போகவில்லை. காவல்காரர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"சாயங்காலம் வரும் அண்ணாச்சி. காது அடச்சுப் போவும், அம்புட்டுச் சத்தம்."

"பிறகு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கட்டடம் வந்தா வேலை பெர்மனெண்டுன்னு சொல்லியிருக்காவ. நாலு புள்ளைய இருக்கு. நீங்க நாரை கீரைன்னு எழுதிக் குடுத்தீயன்னா எம் பொழப்புல மண்ணுதான்."

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. சேறு பளபளத்தபோது உள்ளான் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. அவர் சொன்ன சத்தம் எழுந்தது. வெளிச்சம் மங்கி, செம்பூர் ஆலைப் புகை தாழ்ந்து படிந்த வேளையில், தொலைவில் உயரமான இரண்டு உருவங்கள் மெதுவாக நடந்தன. இரவல் பைனாகுலரில் கழுத்து கறுப்பாகத்தான் தெரிந்தது. கருங்கழுத்து நாரைக்குக் கால் சிவப்பு; அதைப் பார்ப்பதற்குள் இருட்டிவிட்டது.

மறுநாள் எஞ்சினியருக்கு எழுதினேன். பதில் வரவில்லை. அந்த வாரமே மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் காய்கறிப் பையோடு எதிர்ப்பட்டார்.

"இன்னொரு தடவை வாங்கோன்னா எப்படி சார்? நீங்களும்தானே பக்கத்துல நின்னேள்? ஒரு குருவி இருந்துதா, சொல்லுங்கோ."

இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

மழைக்கு முன்பே லாரிகள் மண் கொட்டின. அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் போனபோது கேட்டில் காக்கி உடுப்பில் அந்தக் காவல்காரர் நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டு சலாம் வைத்தார்.

அன்றைய குறிப்பின் கடைசி வரி: "பெரிய பறவைகள் இரண்டு. கருங்கழுத்து நாரையாக இருக்கலாம்." பக்கத்தில் நான் போட்ட கேள்விக்குறி இன்னும் அப்படியே இருக்கிறது. பறவை பார்ப்பவர்கள் வேறு யாரும் அன்று அவற்றைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவை எந்தப் பறவைகள் என்பது உறுதிசெய்யப்படவில்லை.